கீழ்வரிசை ஸ்டாப்பர்: தொலைக்காட்சியில் வராத ஒரு கால்பந்து வாழ்க்கை

"எந்த ஊர்?"னு கேட்டா "கொடும்பாளூர்"னு சொல்வேன். அடுத்த கேள்வி ரெடியா இருக்கும்: "வானதி ஊரா?" பொன்னியின் செல்வன் படம் வந்த பிறகு இது இன்னும் அதிகமாயிடுச்சு. ஆமாம் நண்பர்களே, வானதி ஊர்தான். திருச்சி – மதுரை ரோட்டுல விராலிமலை தாண்டி உள்ளே திரும்பினா மூவர் கோயில் வரும். மூணு கோயில் கட்டினாங்க, இப்போ முழுசா நிக்கிறது ரெண்டு. மூணாவதுக்கு அடித்தளம் மட்டும்தான் மிச்சம்.

எங்க ஊர் ஆண்ட இருக்குவேளிர் பேரரசர்கள் கிடையாது. சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் நடுவுல உட்கார்ந்திருந்த குறுநில மன்னர்கள். பெரும்பாலும் சோழர் பக்கம் நின்னாங்க. தெற்கிலிருந்து வர்ற படை சோழ நாட்டுக்குள்ள போகணும்னா இந்த வழியைத் தாண்டணும். கால்பந்து பாஷையில சொன்னா, கொடும்பாளூர் ஒரு ஸ்டாப்பர். கோல் அடிச்சவன் பேர் தஞ்சாவூர்ல பெரிய கோபுரமா நிக்குது. தடுத்தவன் பேரைத் தெரிஞ்சுக்க ஒரு நாவல் வேண்டியிருக்கு.

நானும் நம்ம காலேஜ் டீம்ல ஸ்டாப்பர்தான். இந்தக் கட்டுரை எழுதக் காரணம் ஒரு ஜூனியர். ரெண்டாம் வருஷம், லெஃப்ட் பேக், நல்லா ஆடுவான். போன மாசம் பிராக்டிஸ் முடிஞ்சு ஷூ லேஸ் அவிழ்த்துக்கிட்டு இருக்கும்போது கேட்டான்: "அண்ணா, படிப்பை ஒரு வருஷம் நிறுத்திட்டு ஃபுட்பாலே பண்ணிடலாமா? மெஸ்ஸி ஆகவேண்டாம்ணா. சும்மா ஒரு கிளப்புல டிஃபெண்டரா இருந்தா போதும். அதுல வாழ முடியாதா?"

என்கிட்ட பதில் இல்லை. "போய் படிடா"ன்னு சொல்லியிருக்கலாம். ஆனா அது பதில் இல்லையே. அவன் கேட்டது நியாயமான கேள்வி. உச்சத்துக்குப் போகாத, ஆனா தொழிலாகவே ஆடுற ஒரு டிஃபெண்டரோட வாழ்க்கை எப்படி இருக்கும்? அதைத் தேடிப் படிச்சதுதான் கீழே இருக்கு.

முதலில் அந்த ஏணியைப் புரிந்துகொள்வோம்

நாம ஹாஸ்டல்ல பார்க்கிறது பிரீமியர் லீக். அதில் 20 அணிகள். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்று மூன்று படிகள், ஒவ்வொன்றிலும் 24 அணிகள். மொத்தம் 92. இந்த 92-க்கும் கீழே ஐந்தாவது படியாக நேஷனல் லீக், அதற்குக் கீழே இன்னும் பல படிகள் மாவட்ட லீக் வரைக்கும் போகின்றன.

பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது. 'லீக் ஒன்' என்றால் முதல் படி இல்லை, மூன்றாவது படி. 'லீக் டூ' நான்காவது படி.

இந்த ஏணி அசையும். சாம்பியன்ஷிப்பில் கடைசி 3 அணிகள் இறங்கும். லீக் ஒன்னில் கடைசி 4 அணிகள் இறங்கும், முதல் 2 அணிகள் நேராக ஏறும், 3 முதல் 6-ஆம் இடம் வரை வந்தவர்கள் பிளே-ஆஃப் ஆடி ஒருவர் ஏறுவார். லீக் டூவில் 3 பேர் நேராக, 4 முதல் 7-ஆம் இடத்துக்குள் இருந்து ஒருவர் பிளே-ஆஃப் வழியாக. கீழே 2 அணிகள் நேஷனல் லீக்குக்கு விழும்.

ஒரு அணிக்கு 25 பேர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிரீமியர் லீக்கில் 500 பேர். அதற்குக் கீழே உள்ள 72 அணிகளில் 1,800 பேர். அதாவது இங்கிலாந்தில் கால்பந்து ஆடிச் சம்பளம் வாங்குபவர்களில் பெரும்பான்மை நாம் பெயர் கேட்டிராதவர்கள். 'தொழில்முறை ஆட்டக்காரர்' என்றதும் நம் மனதில் வருபவர் விதிவிலக்கு. இந்த 1,800 பேர்தான் விதி.

ஒருவருடைய கதை: அன்வர் உத்தின்

பொதுவாகப் பேசினா புரியாது. ஒரு ஆளை எடுத்துக்குவோம்.

அன்வர் உத்தின். 1981-இல் கிழக்கு லண்டனில் பிறந்தவர். அப்பா வங்காளதேசத்துக்காரர், அம்மா ஆங்கிலேயர். சென்டர் பேக். வளர்ந்தது வெஸ்ட் ஹாம் அகாடமியில். ஜோ கோல், மைக்கேல் கேரிக் எல்லாம் அதே காலத்தில் அதே அகாடமியில் வளர்ந்தவர்கள். கேரிக் பிறகு மான்செஸ்டர் யுனைடெட்டில் கோப்பை மேல் கோப்பை வாங்கினார். உத்தின் வெஸ்ட் ஹாம் முதல் அணிக்கு ஒரு மேட்ச்கூட ஆடவில்லை.

இங்கே ஒரு நிமிடம் நிற்போம். ஒரே மைதானம், ஒரே பயிற்சியாளர்கள், ஒரே சாப்பாடு. இருந்தும் ஒருவர் மேலே, ஒருவர் வெளியே. நம்ம பேட்ச்சில் ஒரே லேப்ல உட்கார்ந்த ரெண்டு பேருக்கு நடக்கிற மாதிரியேதான்.

20 வயதில் அவர் ஷெஃபீல்ட் வென்ஸ்டேவுக்குப் போனார். அங்கே நிலைக்கவில்லை. 2002-இல் பிரிஸ்டல் ரோவர்ஸ், அது நான்காவது படி. இரண்டு சீசன் கழித்து, 2004-இல், இன்னும் ஒரு படி கீழே இறங்கி டாகனம் அண்டு ரெட்பிரிட்ஜ் என்ற கிளப்புக்கு வந்தார். ஐந்தாவது படி. லண்டனின் கிழக்கு ஓரத்தில் உள்ள சின்ன கிளப். 1992-இல் இரண்டு கிளப்புகள் சேர்ந்து உருவானது. அதுவரை அவர்கள் 92 பேர் பட்டியலுக்குள் வந்ததே இல்லை.

22 வயதில் ஐந்தாவது படி. நம்ம ஊர்ல இதைக் கேட்டா "அவ்வளவுதான், முடிஞ்சுது"ன்னு சொல்லிடுவாங்க. ஆனா அங்கேதான் அவர் கதை ஆரம்பிக்குது.

உத்தின் அந்த அணியின் கேப்டன் ஆனார். 2006–07 சீசனில் டாகனம் 95 புள்ளிகளோடு ஐந்தாவது படியின் சாம்பியன் ஆனது. வரலாற்றில் முதல்முறையாக 92-க்குள் நுழைந்தது. அதோடு இன்னொன்றும் நடந்தது. இங்கிலாந்தின் ஃபுட்பால் லீக்கில் ஒரு அணிக்குக் கேப்டனாக இருந்த முதல் பிரிட்டிஷ் ஆசியர் என்ற பெயர் உத்தினுக்குக் கிடைத்தது. கிழக்கு லண்டன் முழுக்க வங்காளிகள், பஞ்சாபிகள், தமிழர்கள் வாழ்கிறார்கள். ஆனாலும் 2007 வரை ஒருவரும் அந்தப் பட்டையைக் கையில் கட்டவில்லை. கட்டியவர், ஒரு பெரிய கிளப் வேண்டாம் என்று விட்ட ஸ்டாப்பர்.

2010 மே மாதம் டாகனம் இன்னும் ஒரு படி ஏறியது. ஏழாவது இடத்தில் முடித்து, பிளே-ஆஃப் போய், வெம்ப்ளியில் ராதர்ஹாமை 3–2 என்று வென்று லீக் ஒன்னுக்குப் போனது. படம் இங்கே முடியும். வாழ்க்கை அப்படி முடியாதே. அதே கோடையில் உத்தின் லீக் டூவில் இருந்த பார்னெட் கிளப்புக்கு மாறினார். தான் கேப்டனாக இருந்து 92-க்குள் கொண்டுவந்த கிளப் மூன்றாவது படியில் ஆடியபோது, அவர் அதில் இல்லை.

கீழ்வரிசை டிஃபெண்டர் வாழ்க்கை என்றால் இதுதான். ஆறு வருஷம் ஒரே கிளப்பில் இருந்தாலே பெரிய விஷயம். பிறகு அவர் லீக் அல்லாத அணிகளில் ஆடினார், பயிற்சியாளர் ஆனார். ரசிகர்கள் சங்கத்தின் 'ஃபேன்ஸ் ஃபார் டைவர்சிட்டி' பிரசாரத்தில் சேர்ந்து, மைதானத்துக்கு வரத் தயங்கும் சிறுபான்மை ரசிகர்களை உள்ளே கொண்டுவரும் வேலையைச் செய்தார். ஆட்டம் முடிந்த பிறகும் அதே தொழிலில் ஒரு இடம் பிடித்தவர் அவர். எல்லோருக்கும் அது கிடைக்காது.

ஜூன் 30: அந்த ஒரு தேதி

நமக்கு மார்ச் – ஏப்ரல் என்றால் செமஸ்டர் பயம். அவர்களுக்கு மே மாதம். சீசன் முடிந்ததும் ஒவ்வொரு கிளப்பும் யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுவிக்கிறோம் என்று பட்டியல் வெளியிடும். பொதுவாக ஒப்பந்தங்கள் ஜூன் 30-ஆம் தேதியோடு முடியும். கீழ்ப்படிகளில் ஒப்பந்தம் ஒரு வருஷம், மிஞ்சினால் இரண்டு வருஷம். ஆகவே 28 வயது ஆளுக்கு, குழந்தை இருக்கும், வீட்டுக் கடன் இருக்கும், ஆனாலும் ஜூலை 1 அன்று வேலை இருக்குமா என்று ஏப்ரலில் தெரியாது.

முன்பு நிலைமை வேறு விதத்தில் மோசமாக இருந்தது. 1961 ஜனவரி வரை இங்கிலாந்தில் ஆட்டக்காரர்களுக்கு உச்சவரம்புச் சம்பளம் இருந்தது, வாரத்துக்கு 20 பவுண்டு. எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் அதற்கு மேல் கிடையாது. 1907-இல் தொடங்கிய ஆட்டக்காரர்கள் சங்கம் வேலைநிறுத்தம் வரைக்கும் போய் அதை உடைத்தது. 1995-இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் போஸ்மன் என்ற பெல்ஜிய ஆட்டக்காரர் வாங்கிய தீர்ப்பு இன்னொரு கதவைத் திறந்தது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரை விட, பழைய கிளப் பணம் கேட்க முடியாது என்றானது. நட்சத்திரங்களுக்கு அது கோடிகளைக் கொண்டுவந்தது. கீழ்ப்படி ஆட்டக்காரருக்கு அது சுதந்திரமும் கொடுத்தது, நிச்சயமின்மையும் கொடுத்தது. கிளப்பும் அவரை எளிதாக விடலாம் அல்லவா?

இன்னொரு வடிகட்டி 16, 18 வயதில் இருக்கிறது. அகாடமியில் வளரும் பையனுக்கு 16 வயதில் 'ஸ்காலர்ஷிப்' என்று இரண்டு வருஷ ஒப்பந்தம். 18-இல் தொழில்முறை ஒப்பந்தம் கொடுப்பதா, வெளியே அனுப்புவதா என்று முடிவு. இதில் நான் கவனித்த ஒரு விஷயம்: அந்த இரண்டு வருஷமும் பையன் படிக்கவும் வேண்டும். பயிற்சியோடு வகுப்பும் ஒப்பந்தத்தின் பகுதி. கால்பந்தையே கண்டுபிடித்த நாட்டில்கூட, ஆட்டத்தை மட்டும் நம்பி ஒரு பையனை விடுவதில்லை. ஜூனியர், இதை ரெண்டு தடவை படி.

கீழ்ப்படியில் டிஃபெண்டர் வேலை ஏன் வேறு?

பிரீமியர் லீக்கில் சென்டர் பேக் என்றால் இப்போது பந்தைக் காலில் வைத்து ஆட்டத்தைக் கட்டுபவர். லீக் டூவில் வருஷத்துக்கு 46 லீக் மேட்ச். ஆகஸ்ட் முதல் மே வரை. குளிர்காலத்தில் சனிக்கிழமை ஒன்று, செவ்வாய்க்கிழமை ஒன்று. மைதானம் சேறு. காற்று. அந்த நிலையில் தரையில் அழகாகப் பாஸ் பண்ணுவது ஆபத்து என்று பல அணிகள் பந்தை உயரத் தூக்கி அடிக்கும். நீளமான த்ரோ, கார்னர், ஃப்ரீ கிக். பந்து ஆகாயத்தில் இருக்கும் நேரம் அதிகம்.

ஆக ஸ்டாப்பரின் வேலை மூன்று. ஒன்று, முதல் பந்து: உயரமாக வரும் பந்தைத் தலையால் முட்டி வெளியே அனுப்புவது. இரண்டு, இரண்டாவது பந்து: முட்டிய பந்து எங்கே விழும் என்று மற்றவருக்கு முன்னால் ஓடுவது. மூன்று, பேசுவது. ஆமாம், பேசுவது. "மேலே வா", "விடு", "ஆள் பின்னாடி"ன்னு 90 நிமிஷமும் கத்தணும். ஆஃப்சைடு கோடு நாலு பேர் சேர்ந்து நகர்ற கோடு. ஒருத்தன் அரை அடி பின்தங்கினா நாலு பேர் வேலையும் வீண். நம்ம மெக்கானிக்கல் பாஷையில சொன்னா, சங்கிலியின் பலம் அதன் பலவீனமான கண்ணியில்தான்.

இதனால்தான் டிஃபெண்டர்கள் தாமதமாகத் தேறுகிறார்கள். விங்கரின் வேகம் 20 வயதில் உச்சத்தில் இருக்கும். ஸ்டாப்பரின் கணிப்பு பத்து வருஷம் அடி வாங்கிய பிறகு வரும். 18-இல் வெளியே அனுப்பப்பட்டவர் 25-இல் நல்ல சென்டர் பேக் ஆவது இதனால்தான் நடக்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. ஸ்ட்ரைக்கர் ஒன்பது வாய்ப்பை வீணாக்கி ஒன்றை அடித்தால் ஹீரோ. ஸ்டாப்பர் ஒன்பதைத் தடுத்து ஒன்றை விட்டால் அதுதான் வீடியோவில் ஓடும். மண்டல ஃபைனலில் 88-ஆவது நிமிஷம் ஒரு கார்னரில் நான் ஆளை விட்டேன். அதுவரைக்கும் நான் முட்டின பந்தெல்லாம் யாருக்கும் ஞாபகம் இல்லை. எனக்கே இல்லை.

தலைக்கு என்ன ஆகிறது?

இதைச் சொல்லாமல் போனால் பொய் சொன்ன மாதிரி ஆகும்.

ஜெஃப் ஆஸ்டில் என்ற இங்கிலாந்து ஸ்ட்ரைக்கர், தலையால் கோல் அடிப்பதில் பெயர் வாங்கியவர், 2002-இல் 59 வயதில் மறதி நோயோடு இறந்தார். திரும்பத் திரும்பப் பந்தை முட்டியதால் வந்த மூளைப் பாதிப்பு, அதாவது தொழிலால் வந்த நோய், என்று மரண விசாரணை சொன்னது. 2019-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வெளிவந்தது. ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் நரம்புச் சிதைவு நோய்களால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு என்று அது கண்டது. 2021-இல் அதே குழு ஆடும் இடத்தை வைத்துப் பார்த்தபோது, கோல் கீப்பர்களுக்குப் பொதுமக்களைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. டிஃபெண்டர்களுக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு.

கவனிக்க: அந்த ஆட்டக்காரர்கள் ஆடியது பழைய காலத்தில். இப்போதைய பந்து தண்ணீர் குடித்துக் கனப்பதில்லை. அதே ஆய்வுகளில் அவர்களுக்கு மாரடைப்பு போன்ற நோய்களால் இறப்பு குறைவாகவும் இருந்தது. ஆனாலும் விஷயம் தீவிரமானது என்பதால், 2021 முதல் இங்கிலாந்தில் ஒரு வாரப் பயிற்சியில் வேகமாக வரும் பந்தைத் தலையால் முட்டுவது பத்து முறைக்கு மேல் வேண்டாம் என்று வழிகாட்டுதல் இருக்கிறது.

நாங்க பிராக்டிஸ்ல ஒரே சாயங்காலம் முப்பது நாற்பது தடவை முட்டுவோம். இதைப் படிச்ச பிறகு எங்க கோச் சார்கிட்ட சொன்னேன். இப்போ ஹெட்டிங் டிரில்லை வாரத்துக்கு ஒரு நாள் ஆக்கியிருக்கோம். இந்தக் கட்டுரையால வேற ஒண்ணும் நடக்கலைன்னாலும் இது ஒண்ணு நடந்துச்சு.

நம்ம பக்கம்: கோயம்புத்தூரில் ஒரு சனிக்கிழமை

"அதெல்லாம் இங்கிலாந்துல. நம்ம ஊர்ல?"ன்னு கேட்பீங்க. வாங்க.

2019 மார்ச் 9. கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். ஐ-லீக்கின் கடைசி நாள். சென்னை சிட்டி எஃப்.சி. ஜெயித்தால் சாம்பியன். தடுக்கினால், கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் கோப்பையைத் தூக்கிவிடும். எதிரணி மினர்வா பஞ்சாப், முந்தைய வருஷ சாம்பியன். மூன்றாவது நிமிஷத்திலேயே மினர்வா கோல் அடித்துவிட்டது. இடைவேளை வரை 0–1.

இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அந்த சீசனில் 21 கோல் அடித்தவர் அவர். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருக்க, அடுத்த இரண்டு கோலையும் அடித்தது ஒரு டிஃபெண்டர். கௌரவ் போரா, அசாம் பையன், வயது 20. 3–1. சென்னை சிட்டி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. தமிழ்நாட்டு அணி ஒன்று தேசிய லீக்கை வென்றது ஒரு ஸ்டாப்பரின் தயவால்.

ஆனால் அடுத்து என்ன நடந்தது? போரா ஐ.எஸ்.எல்.லில் ஒடிஷா எஃப்.சி.க்குப் போனார். சென்னை சிட்டிக்கு 2020–21 தான் கடைசி ஐ-லீக் சீசன். கோப்பை வாங்கி இரண்டே வருஷத்தில் தேசிய லீக்கில் அந்தப் பெயர் இல்லாமல் போனது. அன்று தோற்ற மினர்வா பஞ்சாப் கைமாறிப் பெயர் மாறி, 2023-இல் ஐ-லீக்கிலிருந்து ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறிய முதல் அணி ஆனது. ஜெயித்தவன் காணாமல் போனான், தோற்றவன் மேலே போனான். ஆட்டக்காரனின் வாழ்க்கை அவன் காலில் மட்டும் இல்லை, கிளப்பின் கணக்குப் புத்தகத்திலும் இருக்கிறது.

இது இந்தியாவில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1999-இல் பாய்ச்சுங் பூட்டியா இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது மூன்றாவது படியில் இருந்த பரி என்ற கிளப்பில்தான். 37 லீக் மேட்ச், 3 கோல். அந்த கிளப் 1885-இல் தொடங்கியது. இங்கிலாந்து கோப்பையை இரண்டு முறை வென்றது. 2019 ஆகஸ்டில் பணப் பிரச்சினையால் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. சீசன் தொடங்கிய பிறகு! அந்த அணியில் இருந்தவர்கள் ஒரே நாளில் வேலை இல்லாதவர்கள் ஆனார்கள்.

நல்ல செய்தி ஒன்றும் சொல்கிறேன். விமல் யோகநாதன். 2006-இல் வேல்ஸில் பிறந்த ஈழத் தமிழ்ப் பையன். சின்ன வயதில் லிவர்பூல் அகாடமியில் இருந்தார். பிறகு பார்ன்ஸ்லி கிளப்புக்கு மாறினார். லிவர்பூல் எங்கே, லீக் ஒன்னில் ஆடும் பார்ன்ஸ்லி எங்கே? ஆனால் அந்த மாற்றம்தான் அவரை முதல் அணிச் சட்டையில் களத்துக்குக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் தொழில்முறைக் கால்பந்து ஆடும் முதல் தமிழர் என்று அவரைப் பற்றி எழுதினார்கள். அவர் மிட்ஃபீல்டர், டிஃபெண்டர் இல்லை. ஆனால் பாடம் உத்தினுடையதேதான்: ஒரு படி இறங்கினால்தான் சில கதவு திறக்கும்.

அவனுக்கு நான் சொன்னது

போன ஞாயிற்றுக்கிழமை ஜூனியர் எங்க ஊருக்கு வந்தான். அம்மா போட்ட சாப்பாட்டை ஒரு பிடி பிடிச்சுட்டு, சாயங்காலம் மூவர் கோயில் பக்கம் நடந்தோம். இதையெல்லாம் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அப்போ வேண்டாம்னு சொல்றீங்களாண்ணா?"ன்னான்.

"இல்லடா. மூணு விஷயம் சொல்றேன். ஒண்ணு, நம்ம நாட்டுல அந்த ஏணியே இன்னும் முழுசா கட்டி முடிக்கலை. ஐ.எஸ்.எல்.லுக்கு ஏற வழி வந்தே கொஞ்ச வருஷம்தான் ஆகுது. அதனால இங்க ரிஸ்க் இங்கிலாந்தை விட ஜாஸ்தி. ரெண்டு, அங்கேயே பதினாறு வயசுப் பையனைப் படிக்க வெச்சுத்தான் ஆட வைக்கிறாங்க. நீ படிப்பை நிறுத்தினா அவங்களை விடப் பெரிய சூதாட்டம் ஆடுற. மூணு, நீ பேக். உனக்கு இருபதுல கதவு சாத்தினாலும் இருபத்தஞ்சுல திறக்கும். அவசரம் இல்லை."

"அதுவரைக்கும்?"

"ஆடு. டிரயல் எங்க நடந்தாலும் போ. லீவ் லெட்டர் நான் எழுதித் தர்றேன். ஆனா டி.சி. வாங்காதே."

அவன் சிரிச்சான். மூணாவது கோயிலோட அடித்தளத்துல கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். மேலே ஒண்ணும் இல்லை, ஆனா அந்தக் கல் வரிசை இன்னும் நேரா இருக்கு. அதைப் பார்த்துட்டு அவன் ஏதாவது தத்துவம் சொல்வான்னு நினைச்சேன். "அண்ணா, இந்த லைன் பாருங்க. நம்ம ஆஃப்சைடு லைன் ஒரு நாளாவது இப்படி நேரா இருந்திருக்கா?"ன்னான்.

அடுத்த வாரம் திருச்சியில அவனுக்கு ஒரு டிரயல். அதுக்கு மறுநாள் மேக்ஸ் அரியர் எக்ஸாம். ரெண்டுக்கும் போறான். ரிசல்ட் வந்தா அடுத்த இதழ்ல சொல்றேன்.